மழை கேட்ட போதகர்

யட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர் தோட்டத்துக்கு ஜெபம் பண்ண வந்த அந்தப் போதகரை நினைத்தால் எனக்கு இன்னும் குமட்டுகிறது. ஒவ்வொரு தலையிலும் கை வைத்த பிறகு சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து விரல்களைத் துடைத்துக்கொண்டு மறுபடி மடித்து வைப்பார்.

அப்போது அடைமழை. மழையென்றால் இறப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை. வெட்டாத நாளுக்குப் பேர் போடமாட்டார்கள், சம்பளமும் இல்லை. அவரோ கைகளை உயர்த்தி, "ஆண்டவரே, ஆசீர்வாத மழையைப் பொழியும்!" என்றார்.

பால்வெட்டும் அக்கா ஒருத்தி பதறிப்போனாள். "ஐயோ பாஸ்டர், மழை மட்டும் வேணாங்க! வீட்டுல அடுப்பே எரியல. வெயில கேளுங்க."

"விசுவாசம் இல்லாத வீட்லதாம்மா அடுப்பு எரியாது" என்று சிரித்தார்.

"விசுவாசம் இருக்கப்போயித்தாங்க அவருகிட்டயே கேக்குறேன்" என்றவள் கண்ணை மூடினாள். "ஏசப்பா, இவரு சொன்னத காதுல போட்டுக்காதீங்க. நாளைக்கு வெயில் குடுங்க."

பழக்கதோஷத்தில் அதற்கும் "ஆமென்" போட்டுவிட்டு, "சாப்பாடு எந்த வீட்லம்மா?" என்று அவளிடமே கேட்டார். எப்படித்தான் வாய் வந்ததோ!