அத்தை ஊரில் மழை இல்லை

வாசலில் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம், அதன் விளிம்பில் கம்பி போட்டுத் தொங்கவிட்ட குவளை. மாமல்லபுரத்து அத்தையை நினைத்தாலே எனக்கு முதலில் அதுதான் கண்ணில் வரும். கடற்கரையில் இருந்து யார் திரும்பினாலும் அத்தை அடுப்படியை விட்டு ஓடிவந்து குவளையோடு நின்றுவிடுவாள். மாடி அறையில் தங்கியிருக்கும் சுற்றுலாக்காரர்களுக்கும், அம்பத்தூரில் இருந்து போன எங்களுக்கும் ஒரே சட்டம். "கால காட்டு நைனா. மண்ணோட உள்ள பூந்தேன்னா எவ பெருக்கறது?" என்று திட்டிக்கொண்டே தண்ணீர் ஊற்றுவாள். நான் வேண்டுமென்றே விரல் இடுக்கில் மணலை வைத்துக்கொண்டு இன்னொரு குவளை கேட்பேன். அதற்கும் சிரித்துக்கொண்டே ஊற்றுவாள்.

என் அப்பாவுக்கு ஒரே தங்கை. அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேட்டில் பிறந்து, கடலை ஒழுங்காகப் பார்த்தே இராத வீட்டில் வளர்ந்து, கடற்கரை ஊரில் தொப்பியும் சங்கு பொம்மையும் விற்றவரைக் கட்டிக்கொண்டு போனாள். மாமா சீக்கிரமே போய்விட்டார். பிள்ளை இல்லை. மாடியில் இருந்த அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விட்டு, அவர்களுக்குச் சமைத்துப் போட்டு அத்தை தன் காலத்தை ஓட்டினாள். அத்தைக்குப் பேச்சு மட்டும் கடைசிவரை எங்கள் ஊர்ப் பேச்சாகவே இருந்துவிட்டது.

அந்த ஊருக்கென்று ஒரு பஞ்சாங்கம் உண்டு. கார்த்திகை மழை விட்டதும் வெள்ளைக்காரர்கள் வாடகை சைக்கிளில் சுற்ற ஆரம்பிப்பார்கள். மார்கழியில் நாட்டிய விழா. காணும் பொங்கலுக்குக் காலை வைக்க இடம் இருக்காது. போலீஸ்காரர்கள் கயிறு கட்டி, தண்ணீரில் யாரும் இறங்கிவிடாமல் விசில் ஊதிக்கொண்டே இருப்பார்கள். மாசி மகத்துக்கு இருளர் மக்கள் குடும்பத்தோடு வந்து மணலில் புடவையைக் கட்டி மறைப்பு போட்டுத் தங்குவார்கள். சித்திரையும் வைகாசியும் பள்ளி விடுமுறைக் கூட்டம். ஐப்பசியில் கடல் கறுத்துப் படிக்கட்டு வரை சீறும், அப்போதும் தீபாவளி லீவுக்கு ஆள் வரும். இத்தனையும் கழித்தால் மிஞ்சுவது ஆடி. வெயிலும் மண்ணை வாரி இறைக்கும் காற்றுமாக ஊர் ஓய்ந்து கிடக்கும். கடைக்காரர்கள் பட்டப்பகலில் தூங்குவார்கள். மாடி அறைகள் காலியாக இருக்கும்.

நாங்கள் போனதெல்லாம் பொங்கலுக்கும் மே மாதத்துக்கும்தான். ஊரே திரண்டு அங்கே போகும்போது நாங்களும் மூட்டை முடிச்சோடு போய் இறங்குவோம். மாடி நிறைய வாடகைக்காரர்கள், கீழே கூடம் நிறைய நாங்கள், அத்தை அடுப்படியில் படுத்துக்கொள்வாள். விடிவதற்கு முன் மாவு கரைப்பாள், நாங்கள் தூங்கப் போனபிறகும் பாத்திரம் தேய்ப்பாள். அவள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்த நினைவே இல்லை. இது எனக்கு அப்போது தெரியவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. தெரிந்துதான் இருந்தது. அத்தை என்றால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா இறந்தபிறகு அத்தை ஒன்றே ஒன்று கேட்டாள். பொங்கல் கூட்டத்துக்கு நடுவே, கையில் கரண்டியோடு, "ஆடி மாசம் ஒருவாட்டி வாடா. நீ மட்டும் வந்தாலும் சரி. அப்பதான் எனக்கு குந்திப் பேச நேரம் கெடைக்கும். எங்க அண்ணனப் பத்திப் பேச எனக்கு வேற ஆரு கீறாங்க?" என்றாள். கண்டிப்பாக வருகிறேன் என்று சொன்னேன். அப்போது மனதாரத்தான் சொன்னேன்.

அந்த ஆடியில் ஒரு சனிக்கிழமை எங்கள் பக்கம் ஊற்றித் தள்ளியது. ஆடி மழையை எங்கள் பக்கத்து ஆட்களிடம் கேட்க வேண்டும். பகலெல்லாம் புழுங்கும், சாயங்காலம் திருநின்றவூர்ப் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்து, ஆவடியை நனைத்துவிட்டு அம்பத்தூரில் கொட்டும். தெருவில் முழங்கால் தண்ணீர். அத்தைக்குப் போன் போட்டு, நாளைக்கு வர முடியாது, பெரிய மழை என்றேன்.

"அப்டியா? இங்க ஒரு தூறல் கூட இல்லியே நைனா."

"இங்கேர்ந்துதான் அங்க வருது அத்தே. இன்னும் கொஞ்ச நேரத்துல பாரு" என்று பெரிய வானிலை அதிகாரி மாதிரி சொன்னேன். எங்கள் தலைமேல் பெய்தால் உலகமே நனைகிறது என்று உண்மையாகவே நம்பினேன். அம்பத்தூர்க்காரனுக்கு மட்டுமே வரக்கூடிய முட்டாள்தனம் அது. மறு பொங்கலுக்குப் போனபோது அத்தை சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஆடில ஒனக்குன்னு கூழு காச்சி, நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு வெச்சேன். ஒம் பேரச் சொல்லித் தெருவே குடிச்சிது." நானும் சிரித்தேன். 

அடுத்த ஆடியில் கம்பெனி வேலையாகத் திருப்போரூர்ப் பக்கம் போக வேண்டி வந்தது. நான் அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவன். அனுப்பிய சரக்கில் குறை என்று வாங்கியவர்கள் கூப்பிட்டிருந்தார்கள். முந்தின நாள் மழையில் தேங்கிய தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கம்பெனி வண்டி கிளம்பியது. கேளம்பாக்கம் தாண்டியதும் சாலை காய்ந்து கிடந்தது. புளியமரத்து இலையெல்லாம் புழுதி. டிரைவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் காட்டினார். "இன்னா சார் இது, நம்மூர்ல படகு உட்லாம், இங்க மண்ணு பறக்குது. ஆடில நம்ம சைடு பேயற மழ கடலாண்ட வர்றதே இல்ல சார். பாதிலயே பூடும்."

வேலை முடிந்தபோது இன்னும் வெயில் இருந்தது. அங்கிருந்து அத்தை வீடு பக்கம். டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வண்டியைத் திருப்பியிருப்பார். நான் சொல்லவில்லை. அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான். அந்த வாரக் கடைசியில் அத்தை போன் செய்து ஞாயிற்றுக்கிழமை வருகிறாயா என்று கேட்டபோது, என் வாய் தானாகவே சொன்னது: "இங்க செம மழை அத்தே."

 "சரி நைனா. நனையாத" என்றாள்.

அத்தையோடு எனக்குச் சண்டை இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சொத்துத் தகராறு, பேச்சுவார்த்தை இல்லை என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டிருப்பேன். ஒன்றுமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் தூங்க வேண்டும், கோழி வாங்க வேண்டும், துணி துவைக்க வேண்டும். காலியான ஊரில் போய் என்ன செய்வது என்ற எண்ணமும் இருந்தது. மழை எனக்கு வசதியாக இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

அதற்கப்புறம் ஒரு மாற்றம் வந்தது. அத்தை ஆடியில் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அவளாகவே போன் செய்து, "அங்க மழையாமே? அலையாத, ஊட்டோட இரு" என்று சொல்லத் தொடங்கினாள். நான் பொய் சொல்லி மாட்டிக்கொள்ளக் கூடாது என்று பொய்யை அவளே எடுத்துக் கொடுத்தாள். எனக்கு அது முதல் வருடமே புரிந்தது. புரிந்தும், ஆமாம் அத்தே என்றேன்.

பொங்கலும் மே மாதமும் மட்டும் தவறவில்லை. இந்த மே மாதத்திலும் மனைவி, பிள்ளைகள், மச்சினன் குடும்பம் என்று ஒரு வேன் நிறையப் போனோம். அத்தை மாடிக்குத் தலையணை எடுத்துப் போகும்போது பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். ஓடிப்போய் வாங்கிக்கொண்டேன். "முட்டி பூட்சி நைனா. இந்த சீசனோட ரூமு உடறத நிறுத்திடலாம்னு கீறேன்" என்றாள். மூச்சு வாங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "நிறுத்திட்டேன்னா ஒங்க அத்தைக்கு வருசம் பூரா ஆடிதான்" என்றாள். அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. தலையணைகளை மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டேன்.

இப்போது ஆடி நடக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை எப்படியும் போய்விடுவது என்று இருந்தேன். மனைவியிடமும் சொல்லியாயிற்று. எங்கள் தெரு முனை அம்மன் கோயிலில் கூழ் வார்த்தல். ஒலிபெருக்கி காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. கிளம்புவதற்கு முன் துவைத்ததைக் காயப்போட்டுவிடலாம் என்று மொட்டை மாடிக்குப் போனேன். காலை வெயிலே சுரீரென்று அடித்தது. போக எத்தனை நேரம் ஆகும், திரும்பும்போது வண்டலூரில் எவ்வளவு நெரிசல் இருக்கும், நாளைக்கு முதல் ஷிப்டு ஆயிற்றே என்று மனம் தன் வேலையைத் தொடங்கியிருந்தது. எல்லாவற்றையும் கொடியில் போட்டு முடித்தும் கீழே இறங்காமல் நின்றிருந்தேன். அப்போது போன் அடித்தது.

"இன்னா நைனா, நல்லா கீறியா? அங்க மழையாமே?"

கோயில் ஒலிபெருக்கிப் பாட்டு அத்தைக்கும் கேட்டிருக்கும், மழைச் சத்தம் கேட்டிருக்காது. தலைக்கு மேலே ஒரு துண்டு மேகம் கூட இல்லை. கிளம்பிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஆமா அத்தே. நல்ல மழை."

"அதான் கேட்டேன். வெளிய போவாத. நனைஞ்சா ஒனக்கு சளி புடிச்சிக்கும்."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கொடியில் கிடந்த துணிகளைத் திருப்பிப் போட்டேன். ஒரு பக்கம் அதற்குள் காய்ந்துவிட்டிருந்தது.