அறுப்பு வரைக்கும் வாய்தா

வாய்தா கேட்பதென்றாலே எனக்கு எரிச்சல். அதிலும் எழுத்துப்பூர்வ வாதுரையைத் தட்டச்சு செய்து பையில் வைத்துக்கொண்டு, அதைத் தாக்கல் செய்ய அவகாசம் வேண்டும் என்று எந்த முகத்தோடு கேட்பது?

"கதிர் பால் புடிச்சிருக்கு வக்கீலம்மா. அறுப்பு முடியுத வரைக்கும் வாய்தா வாங்கித் தாங்க. பொறவு உள்ள போகச் சொன்னாலும் போறேன்" என்றார் என் கட்சிக்காரர். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் பிசானப் பருவத்து நெல் போட்டிருந்தார். வயலுக்குத் தண்ணீர் விடும் முறை யாருடையது என்ற சண்டையில், கூடப்பிறந்த அண்ணனை மண்வெட்டியால் அடித்துவிட்டுத் தண்டனை வாங்கி, அப்பீல் போட்டு ஜாமீனில் இருப்பவர். வாதுரையைக் கொடுத்துவிட்டால் தீர்ப்பு எப்போது வேண்டுமானாலும் வரும். தோற்றால் நேரே சிறைதான்.

"மம்பட்டியத் தூக்கும்போது இந்தப் புத்தி எங்க போச்சு?" என்று கத்திவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். கத்தியிருக்க வேண்டாம், பாவம்.

அந்த நேரம் பார்த்துப் பாளையங்கோட்டை கோர்ட்டு வராந்தாவில் அந்த அண்ணனே வந்து நின்றார். புகார் கொடுத்தவர். வலது மணிக்கட்டு இன்னும் கோணலாகத்தான் இருந்தது. அடிதடிக்குப் பிறகு தம்பியோடு பேச்சுவார்த்தை கிடையாது. என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"வாய்தா கேளுங்கம்மா. அவன் வயல நானே அறுத்துப் போட்டுருவேன், அது பெருசில்ல. ஆனா நட்டவன் அவன்லா? அவன் இருந்து அறுக்கட்டும்."

வழக்கைக் கூப்பிட்டதும் உள்ளே போய் நீதிபதி முன் நின்றேன். பொய்க் காய்ச்சல், வெளியூர்ப் பயணம் என்று எதுவும் ஜோடிக்கவில்லை. "வாதுரை தயார் அய்யா. நெல் அறுப்பு முடியும்வரை அவகாசம் வேண்டும்" என்று உள்ளதைச் சொன்னேன். நீதிபதி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அரசு வக்கீல் எழுந்து, அடிபட்டவரே வந்து சம்மதம் சொல்லியிருக்கிறார், ஆட்சேபணை இல்லை என்றார். மாசி முடியும்வரை அவகாசம் கிடைத்தது. இதுதான் கடைசி என்று நீதிபதி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் அண்ணன் என்னிடம், "அறுப்பு மிசின் என்னைக்கு வருதுன்னு கேளுங்கம்மா" என்றார். தம்பியும் என்னிடமே, "சொல்லி விடுதேன்னு சொல்லுங்க" என்றார். இரண்டு பேரும் கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் நின்றார்கள்.

"நல்லாருக்கே கதை! நான் என்ன தபால்காரியா? நேரா பேசித் தொலைங்க!"

தம்பி அண்ணன் பக்கம் திரும்பி மெல்லக் கேட்டார்:

"கை இன்னும் வலிக்காண்ணே?"

"வாடக்காத்து அடிச்சா மட்டும் வலிக்குலே" என்றார் அண்ணன்.