ஒரே பள்ளத்தில் இரண்டு கேபிள்

1. எண்ணெய் போட்ட ஃபைபர்

நெட் மெதுவாக இருந்தால் வாடிக்கையாளர் முதலில் திட்டுவது பிளானைத்தான். மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறை வைத்திருந்த ஏகாம்பரமும் அப்படித்தான் ஆரம்பித்தார். நான் அப்போது ஃபைபர் லைன் சூப்பர்வைசர்.

"இன்னா சார், இருக்கிறதுலயே பெரிய பிளானா போட்டேன், இன்னும் சுத்திகினே கீது! அண்ணன் செங்கல்பட்டு ஆஸ்பத்திரில கீறாரு. இன்னிக்கு அம்மனுக்குக் கண்ணு தொறக்கறேன். வீடியோ கால்ல அவரு பாக்கணும்."

அந்த அம்மன் சிலை முழுவதும் அண்ணன் செதுக்கியது. கல்தூசி நெஞ்சில் இறங்கி, ஆக்சிஜனோடு படுத்துவிட்டார். கண்ணை மட்டும் கடைசியாக, நல்ல நேரம் பார்த்துத் திறப்பது வழக்கம். அதைத் தம்பியிடம் விட்டிருந்தார்.

ஒளியை அளக்கும் பவர் மீட்டரை வைத்தேன், வழியில் லாஸ் எக்கச்சக்கம். கனெக்டரைக் கழற்றினால் முனையில் எண்ணெய்ப் பிசுக்கு.

"யாருங்க இதைத் துடைச்சது?"

"நாந்தான். தூசியா இருந்துச்சு. உளிக்குப் போடற எண்ணெயைத் தொட்டு நல்லா தொடச்சேன்."

"கெட்டுது போங்க!"

கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஸ்பிரிட் போட்டுத் துடைத்து மாட்டினேன். திரையில் அண்ணன் மூக்கில் குழாயோடு தெளிவாகத் தெரிந்தார். "தம்பி, அம்மன் நெத்தில கல்மாவு ஒட்டிக்கினு கீது, தொடைடா" என்றார். அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது.

2. ஜேசிபி

ஏகாம்பரம் உளியை எடுத்துக்கொண்டு சிலை முன் உட்கார்ந்தார். திடீரென்று படம் நின்று, மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆபீசுக்குப் போன் போட்டேன். ஈசிஆர் ரோட்டோரம் கால்வாய் தோண்டிய ஜேசிபி கேபிளை அறுத்துவிட்டதாம்.

"இன்னொரு ரூட் இருக்கே?"

"அதுவும் போச்சு சார். ரெண்டும் ஒரே பள்ளத்துலதான போவுது."

ஒன்று அறுந்தால் மற்றது காப்பாற்றும் என்றுதான் இரண்டு போடுவது. தோண்டும் செலவை மிச்சம் பிடிக்க இரண்டையும் ஒன்றாகப் படுக்க வைத்திருக்கிறார்கள்.

மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டோம். ஆனால் பல டவர்களுக்கும் லைன் அதே பள்ளம் வழியாகத்தான் வந்தது. மிச்சமிருந்த ஒரு டவரில் ஊரே தொங்கியது. போதாததற்கு, பக்கத்துச் செங்கல்பட்டுக்குப் போக வேண்டிய படம் எங்கோ வெளியூர் சர்வரைச் சுற்றிக்கொண்டு போனது. விட்டு விட்டு வந்தது.

"கொஞ்சம் தள்ளிப் போடலாமா?" என்றேன்.

"நல்ல நேரம் எனக்காக நிக்குமா சார்?"

படம் ஓடியது. ஏகாம்பரம் சிலையின் கண்ணில் உளியை வைத்தார். அந்த நொடியில் படம் உறைந்துவிட்டது. மீண்டும் வந்தபோது இரண்டு கண்ணும் திறந்திருந்தன.

"எப்படா தொறந்தே? நான் பாக்கலியே" என்றார் அண்ணன்.

ஏகாம்பரம் உளியைக் கீழே போட்டுவிட்டு, சிலையின் காலடியிலேயே உட்கார்ந்து அழுதார். அதை அண்ணனுக்குக் காட்ட, போனைத் திருப்பிப் பிடிக்க எனக்கு மனசு வரவில்லை. அண்ணன் அப்புறம் வீடு திரும்பவில்லை.

3. வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

நாட்டில் நெட் ஏன் மெதுவாக இருக்கிறது என்று கேட்கிறார்கள். பெரிய பிளானில் மட்டும் வேகம் வந்துவிடாது. டவருக்கு டவர் ஃபைபர் வேண்டும். பக்கத்து ஊருக்குப் போகும் டேட்டா வெளியூர் சுற்றாமல் பக்கத்திலேயே கைமாற வேண்டும். இரண்டாவது கேபிள் வேறு ரோட்டில் போக வேண்டும். இதெல்லாம் ஆக வருஷமாகும். ஆனால் அன்றைக்கு அந்த ஜேசிபிக்காரர் தோண்டுமுன் எங்களுக்கு ஒரு போன் பண்ணியிருந்தால் போதும், கேபிள் எங்கே போகிறது என்று காட்டியிருப்போம், அண்ணன் பார்த்திருப்பார்.