உட்கார்ந்து நட்ட கழனி

நடவு மெஷின் எங்கள் தெருவில் வந்து இறங்கிய நாளிலிருந்து எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். கட்டுப்படியாகுமா? செஞ்சி பஸ் ஸ்டாண்டில் கேட்டார்கள். ரேஷன் கடை வரிசையில் கேட்டார்கள். நான் வேலை பார்த்த ஜெராக்ஸ் கடைக்குச் சிட்டா நகல் எடுக்க வந்தவர், நகலைக் கையில் வாங்குவதற்கு முன்பே அதைக் கேட்டார். பெரிய டிராக்டரை வாங்கி வருஷத்தில் பாதி நாள் வாசலில் நிறுத்தி வைத்திருப்பவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. எங்களிடம் ஒரு இயந்திரம் வந்தால் மட்டும் ஊருக்கே கணக்குப் பாடம் நினைவுக்கு வந்துவிடுகிறது.

எங்களிடம் என்றால் நடவாட்களிடம். எங்கள் தெருவில் அப்போது யாருக்கும் சொந்தக் கழனி கிடையாது. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் கழனியில் குனிந்து நாற்று நட்டவர்கள். அம்மாதான் நடவுக் குழுவுக்குத் தலைவி. யாருக்கு ஆள் வேண்டுமென்றாலும் அம்மாவிடம்தான் வந்து சொல்வார்கள். என் வயதுப் பெண்கள் எல்லோரும் காலையில் வேன் ஏறிக் கம்பெனி வேலைக்குப் போய்விட, குழுவில் மிச்சம் இருந்தவர்கள் அம்மா வயதுக்காரர்கள். நட்டுவிட்டுக் கரை ஏறினால் நிமிரவே கொஞ்ச நேரம் பிடிக்கும் அவர்களுக்கு. மகளிர் குழுக் கடன், அரசு மானியம், பி.காம். படித்த மகளுக்கென்று அம்மா சேர்த்து வைத்திருந்த நகை, எல்லாவற்றையும் போட்டு அந்த வண்டியை வாங்கினோம்.

பின்னாலேயே நடந்து தள்ளிக்கொண்டு போகிற சின்ன வண்டியும் இருந்தது. உங்களுக்கு அது போதும், விலையும் பாதிதான் என்று விற்பவரே சொன்னார். நான் கேட்கவில்லை. ஆறு வரிசை நடுகிற, மேலே உட்கார்ந்து ஓட்டுகிற வண்டிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். காரணம் கேட்டார்கள். வேலை சீக்கிரம் முடியும் என்று சொன்னேன். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. எனக்கு அந்த சீட் வேண்டியிருந்தது.

வண்டி வந்ததும் புதிதாக ஒரு இரக்கம் கிளம்பியது. "பாவம், நடவாளுங்க பொழப்பு போயிடுமே" என்று கழனிக்காரர்கள் உச்சுக் கொட்டினார்கள். மழையில் நனைந்துகொண்டு நட்டபோது, இடுப்பு வலிக்கிறது என்று ஒருத்தி கரையில் உட்கார்ந்தால் "இன்னா, அதுக்குள்ளவா?" என்று கேட்டவர்கள் இவர்கள்தான். எங்கள் பிழைப்பைப் பற்றி எங்களுக்குத் தெரியாதா? பாய் மாதிரி அடர்த்தியாக நாற்று வளர்க்க, அதை வெட்டித் தூக்கி வர, வண்டியில் வைக்க, விட்டுப்போன இடத்தில் கையால் நட என்று குழுவில் எல்லோருக்கும் வேலையைப் பிரித்துக்கொண்டுதான் கடனுக்கே கையெழுத்துப் போட்டோம். வருகிற பணத்தைப் பங்கு போட்டுக்கொள்வது என்றும் பேசி வைத்திருந்தோம். இரக்கப்பட்டவர்கள் யாரும் கழனி மட்டும் தரவில்லை. ஆள் நட்டால் நடட்டும், மெஷின் வேண்டாம் என்றார்கள். பருவம் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சம்பாவில் ஒரு கழனியாவது நட்டுக் காட்டாவிட்டால் அடுத்த பருவத்துக்கு நாங்கள் பழையபடி குனிய வேண்டியதுதான் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

கடைசியில் சரி என்றவர் செஞ்சிக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். அனந்தபுரம் ரோட்டில் அவருக்குக் கழனி இருந்தது. சேற்றில் கால் வைக்காத விவசாயி. ஆள் கிடைக்கவில்லை என்பதால்தான் சம்மதித்தார். "நட்டுப் பாருங்க, பயிரப் பாத்துட்டுக் குடுக்கறன்" என்று அம்மாவிடம் சொன்னார். ஓட்டப் போவது நான் என்று தெரிந்தும் என்னிடம் பேசவில்லை. அம்மா "சரிங்க மொதலாளி" என்று சொல்லிவிட்டு வந்தாள். வழியெல்லாம் நான் அம்மாவிடம் சண்டை போட்டேன். நட்டு முடித்ததும் பணம் வாங்குவதுதானே வழக்கம், இவருக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்? "மொதல்ல கழனி கெடைக்கட்டும், வாய மூடு" என்றாள்.

எங்கள் பக்கம் தண்ணீர் கட்டி உழுது சேறாக்குவதைச் சேடை ஓட்டுவது என்போம். கை நடவு என்றால் சேடை ஓட்டிய சூட்டோடு இறங்கிவிட வேண்டும். சேறு தளதளவென்று இருந்தால்தான் விரல் இறங்கும், நடவாட்களுக்கு நகம் நோகாது. முதல் நாள் ஓட்டிப் போட்டு வைத்த கழனியில் இறங்கச் சொன்னால் பெண்கள் முணுமுணுப்பார்கள். மெஷினுக்கு இது நேர் எதிர். ஓட்டிய சேறு ஒரு நாள் படிய வேண்டும். இதை அந்தக் கழனியை உழுகிற டிராக்டர்காரரிடம் சொல்லி அனுப்பியிருந்தேன். அவரும் தலையாட்டியிருந்தார். ஆனால் நடவுக்கு அம்மா வருகிறாள் என்று கேள்விப்பட்டதும் பழைய மரியாதை வந்துவிட்டது அவருக்கு. விடியற்காலையில் வந்து இன்னொரு முறை சேடை ஓட்டிக் கழனியைக் கூழாக்கி வைத்திருந்தார். "ஒங்க அம்மா கை வெக்கற கழனியாச்சே, பஞ்சு மாரி ஓட்டி வெச்சிருக்கறன்" என்று சிரித்த முகமாகச் சொன்னார். அவரைத் திட்டவும் முடியவில்லை.

வேடிக்கை பார்க்கக் கூட்டம் வந்துவிட்டது. சரி, பார்ப்போம் என்று வண்டியை இறக்கினேன். பத்தடி கூடப் போகவில்லை, முன்சக்கரம் புதைந்துவிட்டது. நட்ட நாற்றெல்லாம் பின்னால் மிதந்து வந்தது. கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "கழனிய நட சொன்னா வண்டிய நட்டுட்டாளே" என்றார் ஒருவர். நன்றாகத்தான் சொன்னார், இன்னொரு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். டிராக்டரைக் கட்டி வண்டியை இழுத்தோம். நான் சீட்டை விட்டு இறங்கவில்லை. இறங்கித் தள்ளு என்று கரையிலிருந்து குரல் கொடுத்தார்கள். இழுக்கிற வண்டியை ஒருவர் திருப்பிப் பிடிக்க வேண்டும் என்று பதில் சொன்னேன். அதுவும் பாதி உண்மைதான்.

மறுநாள் சேறு படிந்த பிறகு தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி இறங்கினேன். அன்று பார்க்க ஆளில்லை. வண்டி புதையவில்லை. இரும்பு விரல்கள் பாயிலிருந்து நாற்றைக் கிள்ளிக் கிள்ளி ஊன்றிக்கொண்டே வந்தன. அம்மா கரையில் நின்று நாற்றுப் பாய்களைத் தூக்கிக் கொடுத்தாள். திரும்பும் இடத்தில் ஒரு முறை அவளைப் பார்த்தேன். சேலையைக்கூடத் தூக்கிச் செருகாமல் நின்றிருந்தாள். நடவு நாளில் அம்மாவின் முகத்தை அவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை. எப்போதும் முதுகுதான் தெரியும். எனக்கு அழுகை வந்தது, வண்டி ஓட்டும்போது அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம் பாத்திரக்கடைக்காரர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கை நடவில் கொத்துக் கொத்தாக, நெருக்கமாக வைப்பார்கள். நட்ட மறுநாளே கழனி பச்சையாகத் தெரியும். மெஷின் இரண்டு மூன்று நாற்றாக, அகலம் விட்டு வைக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் தண்ணீர்தான் தெரியும். அவர் வாய்விட்டே சொன்னார். "இது இன்னா நடவு? மொட்டத் தலையில நாலு மயிரு நட்டாப்புல இருக்குது. நாளைக்கி டிராக்டர வுட்டு ஓட்டிட்டு ஆள வெச்சி நடப்போறன். பக்கத்துக் கழனிக்காரரு நாத்து தரன்னுட்டாரு."

அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவர் நட்டதை மடக்கி உழுதுவிட்டால் அதோடு எங்கள் வண்டியின் கதை முடிந்தது. செஞ்சிக் கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் எவரும் எங்களைக் கூப்பிட மாட்டார்கள். நான் வரப்பில் அவர் எதிரே போய் நின்றேன்.

"ஓட்டாதீங்க சார். தூர் கட்டட்டும், பாருங்க."

"கட்லன்னா?"

"கட்லன்னா நாங்களே எறங்கி கையால நட்டுத் தரோம். காசு வாணாம்."

அதைச் சொன்னபோது அம்மாவின் பக்கம் நான் திரும்பவில்லை. இறங்கி நடப்போவது யார் முதுகு என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவர் அம்மாவைத்தான் பார்த்தார். அம்மா கொஞ்சம் யோசித்து, "அவ சொன்னா சொன்னதுதாங்க மொதலாளி" என்றாள். வீட்டுக்கு வந்ததும் வேறு விதமாகப் பேசினாள். "படிச்சவன்னு பேரு. எவளக் கேட்டு வாக்கு குடுத்த?" என்று ஆரம்பித்து, சோறு ஆறிப்போகும்வரை நிறுத்தவில்லை. எனக்கும் பயம்தான். ஆனாலும் பின்வாங்கத் தோன்றவில்லை.

தினமும் ஜெராக்ஸ் கடைக்குப் போகும் வழியில் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்ப்பேன். தண்ணீர், தண்ணீர், அதில் நாலு கோடு. பிறகு ஒரு நாள் கோடு தடித்தது. ஒவ்வொரு குத்தும் தூர் கட்டிப் பக்கத்தில் குட்டி போட ஆரம்பித்தது. களை எடுத்து உரம் போட்டதும் வரிசைக்கு நடுவே தண்ணீர் மறைந்துகொண்டே வந்தது. கொஞ்ச நாளில் பஸ்ஸிலிருந்து பார்த்தால் எது மெஷின் நட்டது, எது கை நட்டது என்று எனக்கே தெரியவில்லை. பாத்திரக்கடைக்காரர் அந்தப் பக்கம் வந்து பார்த்துவிட்டு ஓட்டச் சொல்லாமலே போனதாக டிராக்டர்காரர் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அறுவடை முடிந்து நெல் விற்பனைக்கு மார்க்கெட் கமிட்டிக்குப் போனது. பக்கத்துக் கழனியைவிட அதிக விளைச்சல் கண்டதா என்று கேட்டால், இல்லை, ஏறக்குறைய அதே அளவுதான். பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. மெஷின் நட்டால் நெல் கொட்டும் என்று விற்பவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் தனியாக இதை வாங்கினால் அது பைத்தியக்காரத்தனம். உதிரிப் பாகம் ஒன்று போனால் வெளியூரிலிருந்து வர வேண்டும், வருகிறவரை வண்டி தார்ப்பாய்க்குள் தூங்கும். இதெல்லாம் சரி. ஆனால் கட்டுப்படியாகுமா என்று கேட்பவர்கள் மூட்டையை மட்டுமே எண்ணுகிறார்கள். முதுகை யாரும் கணக்கில் சேர்த்ததில்லை. அது இத்தனை காலமும் அவர்களுக்கு இலவசமாகக் கிடைத்தது, அதனால் அதற்கு விலை இருப்பதாகவே தோன்றவில்லை. எங்களுக்குத் தோன்றுகிறது. எங்கள் கணக்கில் அது கட்டுப்படியானது.

பணம் வாங்க அம்மாவும் நானும் கடைத்தெருவுக்குப் போனோம். கடையில் கூட்டம். கல்யாணச் சீர்வரிசைக்குப் பாத்திரம் எடுக்க வந்த ஒரு குடும்பம் அண்டா குண்டானைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் கல்லாவிலிருந்து பணத்தை எடுத்து மேஜை ஓரத்தில் வைத்தார்.

"இந்தாம்மா, நடவு கூலி. வாங்கிக்க."

எனக்குச் சுரீர் என்றது. ஆனால் அம்மா என்னை முந்திக்கொண்டாள். நீட்டப் போன கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள்.

"கூலி இல்லீங்க மொதலாளி. வண்டி வாடக."

"எதுவா இருந்தா இன்னாம்மா, ரெண்டும் ஒண்ணுதான" என்று அவர் சிரித்தார்.

"ஒண்ணுதான்னா வாடகன்னே சொல்லிக் குடுங்க" என்றாள் அம்மா.

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அண்டாவைத் தட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் சிரிப்பதை நிறுத்தினார். அம்மா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. முதுகு நேராக இருந்தது. கடைசியில் அவர் மேஜை ஓரத்திலிருந்த பணத்தைக் கையில் எடுத்து, எழுந்து நின்று, "வாடகை" என்று சொல்லி நீட்டினார்.