நீல நூல் கட்டிய எண்ணெய் டின்

என் அக்காவைக் கஞ்சப்பிசினாறி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். நான் சொல்லலாம், கூடப் பிறந்தவள். மற்றவர்களுக்கு என்ன தெரியும்?

கல்யாணமான புதிதில், மாமா வேலை பார்த்த கம்பெனியை ஒரே நாளில் இழுத்து மூடிவிட்டார்கள். வீட்டில் பொட்டு அரிசி இல்லை. கைக்குழந்தையோடு அக்கா மாமியார் வீட்டு வாசலில் போய் நின்றாள். அரிசி கிடைத்தது, கூடவே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தையும் கிடைத்தது. அது என்ன வார்த்தை என்று இன்றுவரை என்னிடம்கூடச் சொன்னதில்லை. மாமாவுக்கு வேறு வேலை கிடைத்ததும், சமையலறைக்கு மேலிருந்த பரணை நிரப்ப ஆரம்பித்தாள். இன்னொரு தடவை சம்பளம் நின்றால் யார் வாசலிலும் போய் நிற்கக் கூடாது. அவ்வளவுதான் அவள் கணக்கு.

சம்பளம் கைக்கு வந்தால் முதலில் வாடகை, அப்புறம் மகளின் பள்ளிக் கட்டணம், அதற்கடுத்து பரண். மிச்சம் இருந்தால்தான் மற்றதெல்லாம். அறுந்த செருப்பைத் தைத்துத் தைத்துப் போட்டுக்கொள்வாள், ஆனால் பருப்பு விலை இறங்கியது என்றால் ஓட்டமாக ஓடுவாள். அக்கம்பக்கத்துக்குத் துணி தைத்துக் கொடுப்பவள் என்பதால் வீட்டில் நூலுக்குப் பஞ்சமில்லை. மாதத்துக்கு ஒரு நிறம். வாங்கி வரும் டின், மூட்டை, பொட்டலம் எல்லாவற்றிலும் அந்த மாத நூலைச் சுற்றி இரட்டை முடிச்சுப் போடுவாள். நிறத்தைப் பார்த்துப் பழசை முதலில் இறக்கிச் சமைக்க வேண்டும், புதுசு மேலே போக வேண்டும். முழங்கால் வலி வந்த பிறகு ஏணியில் ஏறுவது மாமாதான். இவள் கீழே நின்று எடுத்துக் கொடுப்பாள், அவர் அடுக்குவார். உலகமே அழிந்தாலும் உன் வீட்டில் பருப்பு வேகும் என்று நான் கேலி செய்வேன். அவள் கண்டுகொள்ள மாட்டாள்.

கொஞ்ச நாளாகச் சந்தைக்குப் பின்னால் ஒரு கடையைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். எதையும் மற்ற கடைகளைவிடக் குறைத்துப் போடுகிறார்களாம். அந்தப் பெருமையைக் காட்டத்தான் போன வாரம் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். சும்மா சொல்லக் கூடாது, விலை குறைவுதான். கடைக்காரர் ஓர் எண்ணெய் டின்னை எடுத்து வைத்தார். தூக்கிப் பார்க்கலாமென்று கைப்பிடிக்கடியில் கையை விட்ட அக்கா, விட்டது விட்டபடி நின்றுவிட்டாள்.

கைப்பிடியின் உள்பக்கம் நீல நூல். இரட்டை முடிச்சு.

உன்னை மாதிரியே இன்னொரு பைத்தியம் இந்த ஊரில் இருக்கிறது போல என்று நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. இந்த டின் எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரைக் கேட்டாள். ஓர் ஆள் அடிக்கடி கொண்டு வந்து போடுகிறார், வீட்டில் அதிகமாக வாங்கிவிட்டார்களாம், நல்ல மனுஷன், இடது புருவத்தில் தழும்பு இருக்கும் என்றார் அவர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமாவின் இடது புருவத்தில்தான் தழும்பு இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் நான்தான் ஏணி வைத்து ஏறினேன். பரணின் விளிம்பில் நாலைந்து பொட்டலங்கள், ஒரு மாவுப் பை. அதற்குப் பின்னால் அட்டைப்பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒன்றை இழுத்தேன். காற்றாகக் கையோடு வந்தது. இன்னொன்றை இழுத்தேன், அதுவும் அப்படியே. எல்லாம் காலி. கீழே பார்க்கவே பயமாக இருந்தது. என்ன இருக்கிறது என்று அக்கா கேட்டாள். ஒன்றுமில்லை என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் மாமா வந்தார். கிழி கிழியென்று கிழிக்க வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். ஏணியையும் இறக்கி வைத்த பெட்டிகளையும் பார்த்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்தார். மழைக்காலம் தொடங்கும் முன்பே வேலை போய்விட்டதாம். தினமும் கிளம்பிப் போனது மூட்டை தூக்க. அந்தக் கூலியில் சம்பளத்துக்குக் குறைந்ததைப் பரணிலிருந்து எடுத்து விற்றுச் சரிக்கட்டியிருக்கிறார். அக்கா துணி கொடுக்கப் போகும் நேரம் பார்த்து நூலை அறுத்துவிட்டு எடுத்துப் போவாராம்; அந்த ஒரு டின்னில் மட்டும் கைப்பிடிக்குள் இருந்தது அவர் கண்ணுக்குத் தப்பிவிட்டது. அந்தக் காசைச் சம்பளம் என்று அக்காவிடம் கொடுக்க, அவள் அதிலிருந்தே தன் சாமானைத் தானே காசு கொடுத்து மறுபடி வாங்கியிருக்கிறாள். எத்தனை தடவை என்று நினைத்தால் எனக்குத் தலை சுற்றியது.

"நின்னுபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அதையே ஆக்கித் தின்னுருப்போமே. அதுக்குத்தானே சேத்து வெச்சேன்" என்றாள் அக்கா.

"சொல்லியிருந்தா அன்னையிலிருந்து நீ தூங்கியிருக்க மாட்ட. பரண் நிறைய இருக்குன்னு நினைச்சாதான் உனக்குத் தூக்கமே வரும்."

"இனிமே எப்படித் தூங்குவேன்?"

நான் சேர்த்து வைத்திருந்த ஏச்சு ஒன்றுகூட வாயிலிருந்து வரவில்லை.

மகள் டியூஷன் முடிந்து பசியோடு வந்தாள். அக்கா எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு உலை வைத்தாள். என்னையும் சேர்த்து நாலு பேருக்கு அரிசி அளந்து பாத்திரத்தில் போட்டாள். அப்புறம் பாத்திரத்துக்குள் கையை விட்டு, ஒரு பிடியை எடுத்துத் திரும்ப டப்பாவில் போட்டாள்.

எனக்குப் பசியில்லை என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன். சாப்பிட்டுப் போ என்று அக்கா சொல்லவில்லை.