மதார் பாயின் இமைமுடி

தாம்பரம் நடைமேடையில் வண்டலூர் போக நின்றிருந்தபோது கைப்பேசி அடித்தது. மதார் பாயின் மகள். "மாமா, அத்தா மௌத்தாயிட்டாங்க" என்றாள். பாய் இறந்த செய்திக்கு, நியாயப்படி செங்கல்பட்டு முதல் கடற்கரை வரை அத்தனை மின்ரயிலும் அந்த நொடியே நின்றிருக்க வேண்டும். என் ரயிலோ என்றுமில்லாத அதிசயமாகச் சரியான நேரத்துக்கு வந்து தொலைத்தது.

நம் ஆய்வகத்துக்காரர்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஆட்டம்மை வைரஸின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க, நோய்ப்பட்ட தோலின் துணுக்கைக் கண்ணாடிக் கத்தியால் சீவித் தந்தவர் அவர். தலைமுடியை ஆயிரமாகப் பிளந்தால் வரும் ஒரு பங்குதான் அந்தச் சீவலின் தடிமன். என் வாழ்நாளில் நான் மிகைப்படுத்தாமல் சொன்ன ஒரே விஷயம் இது.

சீவல்கள் தண்ணீரில் மிதக்கும். தடித்தவை பொன்னாக மின்னும், மெல்லியவை வெள்ளியாக. "தங்கம்னா தள்ளிடு மச்சான், நமக்கு வெள்ளிதான் வேணும்" என்பார். கிழியாமல் அவற்றை ஒதுக்க, தன் இமைமுடி ஒன்றைப் பிடுங்கிக் குச்சியில் ஒட்டி வைத்திருந்தார். காற்று ஆகாது என்று மின்விசிறியை நிறுத்திவிடுவார். அக்கினி நட்சத்திரத்தில் அந்த அறையில் நான் நாற்பது முறை வெந்து செத்திருக்கிறேன்.

ஒருநாள் படச்சுருளில் அது விழுந்தது: வைரஸின் நடுவே, இடை சிறுத்த உடுக்கை போல ஒரு கரு. அவ்வளவு தெளிவாக எங்களில் யாரும் பார்த்ததில்லை. படச்சுருளின் ஓரத்தில் ஊசியால் தன் பெயரைக் கீறி, இருட்டறையில் இருந்த என்னிடம் தந்தார். பின்னாலேயே நம் துறைத்தலைவர் வந்தார். "ஓரம் எதுக்குய்யா? நடுவுல இருக்கறது போதும்." நான் ஓரத்தை விட்டுவிட்டு அச்சிட்டேன். இந்தக் கைகள்தான். ஆய்விதழில் தலைவர் பெயர் மட்டும் வந்தது.

பிறகு வெளியூர் விஞ்ஞானிகள் வந்தார்கள். தானே சீவி எடுத்த படம் என்றார் தலைவர். வந்திருந்த ஓர் அம்மையார், எப்படிச் சீவுவீர்கள், பார்க்கலாமா என்று கேட்டுவிட்டார். பாய் நாற்காலியை இழுத்துப் போட்டார், இமைமுடிக் குச்சியை நீட்டினார். "உக்காருங்க சார், ஃபேன நிறுத்திட்டேன்." தலைவர் குனிந்தார், ஒரு பெருமூச்சு விட்டார். வங்கக்கடலில் கிளம்பிய எந்தப் புயலும் அப்படி அடித்ததில்லை. பாய் சீவி மிதக்கவிட்டிருந்த வெள்ளி முழுவதும் போன இடம் தெரியவில்லை.

"மூச்ச அடக்கணும் சார்" என்றார் பாய், மிக மரியாதையாக. "நான் ஆறு வருஷமா அடக்கிகினுதான் கீறேன்."

மறுவாரமே கிடங்குக்கு மாற்றல். ஓய்வு பெறும்வரை கத்தியைத் தொட விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரும்புலியூர் மண்டபத்தில் இரங்கல் கூட்டம். தலைமை யார் என்கிறீர்கள்? நம் துறைத்தலைவரேதான். 'என் வலது கை' என்று பேசப்போகிறாராம். வரட்டும். அந்தப் படச்சுருளை நான் தொலைக்கவில்லை. பெயர் கீறிய ஓரத்தோடு, கதவளவு பெரிதாக அச்சிட்டுவிட்டேன். மேடையில் நிற்பவர் கண்ணுக்கு நேரே தொங்கும். ஓரத்தை விட்டவன் நான்தான் என்பதை அவருக்கு முன்பாக எழுந்து நானே சொல்வேன். அடுத்து அவர் பேசலாம்.

பாய் எனக்கென்று விட்டுப்போனது அந்த இமைமுடிக் குச்சி. அன்று என் சட்டைப்பையில் இருக்கும். தலைவர் பேசி முடிக்கும்வரை மின்விசிறியைப் போட வேண்டாம் என்று மண்டபத்தில் சொல்லிவைத்திருக்கிறேன்.