குதிரைத் தொட்டியில் விழுந்த கடிதம்

எங்கள் ஊருக்குக் கரண்டு வந்ததற்கு முந்தின வருஷம் அது. இன்று காந்திபுரத்துக் கடையொன்றில் கொள்ளு வேகிற வாசம் வந்ததும், சூலூர்ச் சாலையில் தபால் குதிரைவண்டி நின்று இளைப்பாறுகிற இடமும், குதிரைக்குத் தண்ணீர் காட்டுகிற தொட்டியும், கொள்ளு மெல்லும் சத்தமும், பக்கத்துத் தபாலாபீசும் கண்முன் வந்துவிட்டன. தபால்காரர் அங்கேயே எல்லோருக்கும் கடிதத்தைக் கையில் கொடுப்பார். எங்கள் தெருவுக்கு மட்டும், தீட்டென்று, தூர நின்று வீசுவார். கொழும்புக்குப் போன அப்பாவின் கடிதம் அப்படித்தான் குதிரைத் தொட்டியில் விழுந்து, மை முழுக்கக் கரைந்தது.

"ஏனுங்க சாமி, கையில குடுத்தா என்னங்க?" என்றாள் அம்மா.

"புடிக்கத் தெரியாதது உன்ற தப்பு" என்றார்.

அதற்குப்பின் அப்பாவிடமிருந்து கடிதமே வரவில்லை. அதில் என்ன எழுதியிருந்ததென்று தெரியாமலே அம்மா செத்தாள்.

இப்போது அந்த வண்டி நின்ற இடத்தில், ஊரே ஒன்றாகக் கூடிய இடமென்று பலகை வைத்திருக்கிறார்களாம். எந்த ஊர் கூடியது? அதைப் படிக்கிறவர்களிடம் இதையும் சொல்லிவிடுங்கள்.